ஆபரேஷன் செய்த தோள் மறுபடி நழுவுகிறது: இன்னொரு அறுவை வேண்டுமா?

அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து 27 வயது இளைஞர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விவரத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

19 வயதில், வாடிவாசலில் திமிலைப் பிடித்துத் தொங்கும்போது காளை சுற்றியதில் அவருடைய வலது தோள் இறங்கிவிட்டது. ஊரில் கட்டுப் போடுகிற பெரியவர் இழுத்து உட்கார வைத்து, பத்து நாள் எண்ணெய்க் கட்டு போட்டார். அதற்கடுத்த நான்கு வருடத்தில் பத்துப் பன்னிரண்டு முறை இறங்கியிருக்கிறது. முதலில் மாடு பிடிக்கும்போது மட்டும். போகப்போக பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கும்போதும், தூக்கத்தில் கையைத் தலைக்கு மேல் போட்டபோதும்கூட. 23 வயதில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நுண்துளை அறுவை செய்துகொண்டார். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து இப்படி எழுதியிருக்கிறார்: பாங்கார்ட் ரிப்பேர், மூன்று ஆங்கர் (தையலை எலும்பில் பிடித்து நிறுத்துகிற சின்ன முளை), ஹில்-சாக்ஸ் பள்ளம் உண்டு. பிசியோதெரபிக்கு ஒரு மாதம் போனார். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலை என்பதால், கூலி போகிறதே என்று நிறுத்திவிட்டார்.

மூன்று வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. சரியாகிவிட்டது என்று நம்பி, போன தை மாதம் திரும்பவும் களத்தில் இறங்கினார். தோள் முழுதாக இறங்கவில்லை. நழுவிப் போய்த் தானாக உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு மூட்டை ஏற்றும்போது இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது. இப்போது பார்க்கிற டாக்டர் சிடி ஸ்கேன் எடுத்து, கிண்ண எலும்பு 22 சதவீதம் தேய்ந்திருக்கிறது, லாட்டர்ஜே என்ற ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்கிறார். அம்மாவோ, "ஒரு தடவை கத்தி வச்சதே வீணாப் போச்சு, இன்னொரு தடவை வேண்டாம்ப்பா" என்கிறார். ஆவணியில் கல்யாணம் வேறு.

அவர் கேட்பவை: முதல் டாக்டர் ஏமாற்றிவிட்டாரா? உள்ளே வைத்த ஆங்கர் கழன்றுவிட்டதா? உடற்பயிற்சியிலேயே சரியாகாதா? இரண்டாவது ஆபரேஷன் ஆயுசுக்கும் தாங்குமா? நாற்பது ஐம்பது வயதில் மூட்டுத் தேய்மானம் வந்து கை முடங்கிவிடுமா? மாடு பிடிக்கலாமா? பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா?

தம்பி,

முதலில் அம்மாவுக்கு ஒரு பதில். அந்த ஆபரேஷன் வீணாகவில்லை. அதற்கு முன் நான்கு வருடத்தில் பத்துக்கு மேல் இறங்கிய தோள், அதற்குப் பின் மூன்று வருடம் ஒரு முறைகூட இறங்கவில்லை. அத்தனை முறை இறங்குவது தவிர்ந்ததால், அத்தனை முறை எலும்பு விளிம்பு உரசித் தேய்வதும் தவிர்ந்தது. அது பெரிய லாபம். ஆனால் மூன்று வருடம் இறங்கவில்லை என்பதை "முழுதாகக் குணமாகிவிட்டது" என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் மட்டுமல்ல, இந்த ஆபரேஷன் செய்துகொள்கிற பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆறு மாதத்தில் கை நன்றாகத் தூக்க வந்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று எண்ணம். தோளின் கணக்கு அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. பத்து, இருபது வருடம் கழித்து அது எப்படி இருக்கும் என்பதை, ஆபரேஷனைப் போலவே அதற்கு முன் நடந்தவையும் தீர்மானிக்கின்றன.

உங்கள் தோளில் என்ன நடந்தது

தோள் மூட்டு கரண்டியில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. பந்து (மேற்கை எலும்பின் உருண்டைத் தலை) பெரிது, கிண்ணம் (தோள்பலகையின் குழி) சின்னது, ஆழமும் இல்லை. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அதனால்தான் உடம்பின் பெரிய மூட்டுகளில் அதிகமாக இறங்குவதும் தோள்தான். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற கெட்டியான நார்த்திசு ஒட்டியிருக்கிறது. பந்து முன்பக்கமாக நழுவும்போது இந்த விளிம்பு பிய்ந்துபோகிறது. இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் பாங்கார்ட் 1923இல் இதை விளக்கி எழுதினார். அவர் பெயரில்தான் உங்கள் ஆபரேஷனும் இருக்கிறது. பந்து வெளியே வந்து கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும்போது பந்தின் பின்புறம் ஒரு பள்ளம் விழுகிறது. அதுதான் உங்கள் சம்மரியில் இருக்கிற ஹில்-சாக்ஸ். ஹில், சாக்ஸ் என்ற இரண்டு கதிரியக்க மருத்துவர்கள் 1940இல் விவரித்தது.

ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கிண்ணத்தின் முன்விளிம்பும் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து தேய்கிறது, பந்தின் பள்ளமும் பெரிதாகிறது. ஆரம்பத்தில் காளை இழுத்தால்தான் இறங்கிய தோள், கடைசியில் தூக்கத்திலேயே இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே எனக்குப் போதுமானதாக இருந்தது. சிறு அசைவுக்கே நழுவுகிற தோள் என்றால் பெரும்பாலும் எலும்பு போயிருக்கிறது என்று பொருள். பத்து நாள் எண்ணெய்க் கட்டு போட்டவரை இதற்குக் குறை சொல்லமாட்டேன். 19 வயதில் முதல் முறை இறங்கிய தோள், ஆஸ்பத்திரியில் தூளிக்கட்டு போட்டிருந்தாலும் மறுபடி இறங்கும் வாய்ப்பு மிக அதிகம். வயது குறையக் குறைய அந்த வாய்ப்பு கூடும். அவர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை, நரம்பு சரியாக இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

முதல் டாக்டர் ஏமாற்றினாரா?

நீங்கள் எழுதியதை வைத்து, ஏமாற்றினார் என்று சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நடந்த ஆபரேஷன், பிய்ந்த விளிம்பை ஆங்கர் போட்டுத் திரும்பத் தைப்பது. இது உலகம் முழுக்க இந்தப் பிரச்சினைக்கு அதிகமாகச் செய்யப்படுகிற அறுவைகளில் ஒன்று. ஆனால் தையல் என்பது தசைநாரையும் விளிம்பையும் சரிசெய்யும். தேய்ந்துபோன எலும்பைத் திரும்பக் கொண்டுவராது. இதைப் பளிச்சென்று காட்டியது பர்க்ஹார்ட், டி பீர் என்ற இருவர் 2000இல் வெளியிட்ட ஆய்வு. நுண்துளை வழியாகத் தையல் போட்ட 194 தோள்களில், எலும்பில் பெரிய குறை இல்லாதவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான் பிரச்சினை திரும்பியது. எலும்பில் பெரிய குறை இருந்தவர்களில் 67 சதவீதம் பேருக்குத் திரும்பிவிட்டது. அதே தையல், அதே டாக்டர்கள். எலும்பின் நிலைமை மட்டும் வேறு.

2007இல் பிரான்ஸிலிருந்து பால்க், புவாலோ என்பவர்கள் பத்து மதிப்பெண் கொண்ட ஒரு கணக்கும் தந்தார்கள். அறுவையின்போது வயது 20 அல்லது அதற்குள் என்றால் 2. போட்டி அளவில் விளையாடினால் 2. மோதல் விளையாட்டு, அல்லது கையைத் தலைக்கு மேல் வலுவாக வீசுகிற விளையாட்டு என்றால் 1. மூட்டுகள் இயல்பிலேயே தளர்வாக இருந்தால் 1. எக்ஸ்ரேயில் பந்தின் பள்ளம் தெரிந்தால் 2. கிண்ணத்தின் விளிம்பு தேய்ந்து தெரிந்தால் 2. கூட்டுத்தொகை 6ஐத் தாண்டினால் தையல் மட்டும் போட்டவர்களில் 70 சதவீதம் பேருக்குத் திரும்பியது. உங்களுக்கு அப்போது 23 வயது, அதனால் வயதுக்கு மதிப்பெண் இல்லை. மாடு பிடிப்பதற்கு 3. பள்ளம் இருந்தது என்று சம்மரியே சொல்கிறது, 2. கிண்ண விளிம்பும் எக்ஸ்ரேயில் தேய்ந்து தெரிந்திருந்தால் மொத்தம் 7.

ஆக, அப்போதே லாட்டர்ஜே பற்றிப் பேசியிருக்கலாமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அது ஏமாற்று வேலைக்கான ஆதாரம் ஆகாது. மாடு பிடிப்பதை விட்டுவிடுவேன் என்று அவரிடம் சொல்லியிருந்தீர்களா? அப்போது சிடி எடுத்தார்களா, அதில் தேய்மானம் எவ்வளவு? இவை தெரியாமல் யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. உங்களிடம் இருக்கிற சம்மரி போதாது. ஆபரேஷன் குறிப்பையும் பழைய ஸ்கேன் படங்களையும் அந்த மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. அதே விதியில் ஆவணங்களைக் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய காலம் 3 வருடம்தான் என்பதால், இன்னும் தள்ளிப்போடாதீர்கள். சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. எந்த வகை ஆங்கர், எந்த இடத்தில், எத்தனை என்பது அடுத்து அறுவை செய்கிறவருக்கு மிகவும் உதவும்.

ஆங்கர் கழன்றுவிட்டதோ என்ற பயம் வேண்டாம். இப்படி மறுபடி நழுவும் தோள்களில் பெரும்பாலும் ஆங்கர் போட்ட இடத்திலேயே இருக்கும். தைத்த திசுதான் நைந்து நீண்டிருக்கும், இல்லை திரும்பப் பிய்ந்திருக்கும். எக்ஸ்ரேயில் ஆங்கரே தெரியவில்லை என்று ஓரிடத்தில் பதறியிருக்கிறீர்கள். இப்போதைய ஆங்கர்களில் பல உலோகமே கிடையாது. எக்ஸ்ரேயில் அவை தெரியாது.

பிசியோதெரபியைப் பாதியில் விட்டதால்தான் இப்படி ஆனது என்று உங்களையே திட்டிக்கொண்டு ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். பயிற்சி முக்கியம்தான். ஆனால் 22 சதவீத எலும்பு போனதற்குப் பயிற்சியை விட்டது காரணமில்லை. கூலிக்குப் போகிறவனுக்கு வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு வந்துபோவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

பயிற்சி மட்டும் போதுமா?

தோளைச் சுற்றியுள்ள தசைகளும் முதுகுப் பக்கத்துத் தோள்பலகைத் தசைகளும் வலுவாக இருந்தால் பந்து கிண்ணத்தின் நடுவில் நிற்க உதவும். எலும்பு தேயாதவர்களுக்கு, வயது கூடியவர்களுக்கு, வேலையும் விளையாட்டும் கடினமில்லாதவர்களுக்குப் பயிற்சியே போதுமானதாக அமைவதுண்டு. முன்விளிம்பில் 20 முதல் 25 சதவீதம் எலும்பு போய்விட்டால் தையல் மட்டும் நிற்காது என்பதில் தோள் மருத்துவர்களிடம் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இன்னும் குறைந்த தேய்மானத்திலேயே முடிவுகள் மோசமாகின்றன என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. தையலே நிற்காத இடத்தில் பயிற்சி மட்டும் நிற்கும் என்று உங்களுக்கு நம்பிக்கை தர என் மனம் ஒப்பவில்லை.

ஆபரேஷனே வேண்டாம் என்றும் இருக்கலாம். அது உங்கள் உரிமை. அப்படியானால் மாடு பிடிப்பதையும், கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகிற பாரத்தையும் முற்றாக விட வேண்டும். சிலருக்கு வயது ஏற ஏற மூட்டு தானே இறுகி, இறங்குவது நின்றும் போகும். ஆனால் உங்கள் பிழைப்பே மூட்டை தூக்குவதில் இருக்கிறது. ஒவ்வொரு நழுவலும் இன்னும் கொஞ்சம் எலும்பைத் தின்றுவிட்டுப் போகும்.

லாட்டர்ஜே என்றால் என்ன, எவ்வளவு தாங்கும்

பிரான்ஸின் லியோன் நகரத்து மிஷெல் லாட்டர்ஜே 1954இல் சொன்ன முறை. தோளின் முன்பக்கம் கோரகாய்டு என்று ஒரு சின்ன எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். அதன் நுனியை, அதில் ஒட்டியிருக்கும் தசைநாரோடு சேர்த்து வெட்டி எடுத்து, கிண்ணத்தின் தேய்ந்த முன்விளிம்பில் வைத்து வழக்கமாக இரண்டு திருகு போட்டு முடுக்கிவிடுவார்கள். இழந்த எலும்புக்கு எலும்பு கிடைக்கிறது. அதோடு, கையைத் தூக்கி வெளிப்பக்கம் திருப்பும்போது அந்தத் தசைநார் பந்தின் முன்னால் குறுக்கே நின்று தாங்கிப் பிடிக்கிறது. தோள் இறங்குவது சரியாக அந்த நிலையில்தான்.

நீண்ட கால முடிவுகளைப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுத் தொகுப்புகளில், நுண்துளைத் தையல் செய்தவர்களில் ஏறக்குறைய 31 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வகையில் நழுவல் திரும்பியது; முழுதாக இறங்கியது 16 சதவீதம் பேருக்கு. லாட்டர்ஜே செய்தவர்களில் நழுவல் திரும்பியது 8, 9 சதவீதம். முழுதாக இறங்கியது 3 சதவீதத்தை ஒட்டி. இந்த 31ஐப் பார்த்துத் தையல் ஆபரேஷன் மோசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே தொகுப்பில் நான்கில் மூன்று பேருக்கு மேல் பத்து வருடம் கழித்தும் தோள் நன்றாக இருந்தது. சரியான ஆளுக்குச் செய்தால் அது நல்ல ஆபரேஷன்தான்.

இதில் இன்னொன்று கவனியுங்கள். தையலுக்குப் பிறகு பிரச்சினை திரும்புகிறவர்கள் எல்லோருக்கும் முதல் ஒன்றிரண்டு வருடத்திலேயே திரும்பிவிடுவதில்லை. மூன்றாவது வருடம், ஐந்தாவது வருடம், அதற்கு அப்புறமும்கூட வருவதுண்டு. அதனால்தான் இரண்டு வருடக் கணக்கை மட்டும் காட்டுகிற எந்த ஆய்வும் நன்றாகத் தெரியும், பத்து வருடக் கணக்கு கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கும். உங்கள் மூன்று வருட அமைதியும் அப்படிப்பட்டதுதான்.

லாட்டர்ஜேக்கும் விலை உண்டு. அறுவை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே தோளுக்கும் கைக்கும் போகிற முக்கிய நரம்புகள் இருக்கின்றன. சிலருக்கு மரத்துப்போவதும் பலவீனமும் வரும், பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகும், அபூர்வமாகச் சரியாகாமலும் போகும். வைத்த எலும்பு ஒட்டாமல் போவது, கரைவது, திருகு உறுத்துவது என்று சிலருக்கு ஆகலாம். கையை வெளிப்பக்கம் திருப்புவது கொஞ்சம் குறையலாம். ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் ஆன தோளில் செய்யும்போது, முதல் தடவையே இதைச் செய்துகொண்டவர்களைவிட வலி மீதமிருப்பதும் திருப்தி சற்றுக் குறைவதும் உண்டு. ஆயுசுக்கும் உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் உங்கள் எலும்பு நிலைமைக்கும் உங்கள் வேலைக்கும், உங்கள் இப்போதைய டாக்டர் சொல்கிற வழி சரியானது என்றே நினைக்கிறேன்.

நாற்பது, ஐம்பதில் தேய்மானம்

இதைத்தான் நீங்கள் அதிகம் பயந்து கேட்டிருக்கிறீர்கள். "ஆபரேஷன் செய்தால் தேய்மானம் வரும் என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. தேய்மானத்தின் விதை, தோள் முதல் தடவை இறங்கிய அன்றே விழுந்துவிடுகிறது.

ஸ்வீடனில் ஹொவேலியஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், முதல் முறை தோள் இறங்கிய, 40 வயதுக்கு மேற்படாதவர்களை 25 வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 2008இல் முடிவு வந்தது. அவர்களில் சிலர் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டார்கள், பலர் செய்துகொள்ளவே இல்லை. 25 வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்த 223 தோள்களில் 44 சதவீதம் எந்தத் தேய்மானமும் இல்லாமல் இருந்தன. 29 சதவீதத்தில் லேசான தேய்மானம், 9 சதவீதத்தில் நடுத்தரம், 17 சதவீதத்தில் கடுமை. ஒரே ஒரு முறை இறங்கி, அதன்பின் இறங்கவே இல்லாத தோள்களிலும் சிலவற்றில் தேய்மானம் இருந்தது. ஆக, ஆபரேஷன் செய்யாமல் விட்டால் தேய்மானத்திலிருந்து தப்பிவிடலாம் என்பது தவறான எண்ணம். ஆபரேஷன் செய்தால் தேய்மானமே வராது என்பதும் தவறு. தையல் போட்டவர்களைப் பத்து வருடம் கழித்துப் படம் எடுத்தால் பாதிக்கு மேல் ஏதோ ஒரு மாற்றம் தெரிகிறது. ஆனால் நடுத்தரமோ கடுமையோ ஆனது பத்தில் ஒருவருக்குத்தான்.

எக்ஸ்ரேயில் தெரிவதும் கையில் தெரிவதும் ஒன்றல்ல. படத்தில் லேசான முள் வளர்ச்சி தெரிகிற பலருக்கு வலியே இருக்காது. முதலில் குறைவது, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளியே திருப்புவது. அந்த அசைவு வருடத்துக்கு வருடம் குறைந்தால் காட்டிவிடுங்கள். தேய்மானத்தைக் கூட்டுகிறவை: ஆபரேஷனுக்கு முன் அதிக முறை இறங்கியது, முதல் முறை இறங்கும்போது வயது கூடுதலாக இருந்தது, அளவுக்கு மீறி இறுக்கித் தைத்தது, விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு பந்தை உரசுகிற ஆங்கரோ திருகோ. இதில் கடைசி இரண்டும் அறுவை செய்கிறவர் கையில் இருக்கின்றன. இனிமேல் எத்தனை முறை நழுவப் போகிறது என்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

ஐம்பது வயதில் கை முடங்கிவிடும் என்று நினைத்து ராத்தூக்கம் கெடுக்காதீர்கள். கொஞ்சம் இறுக்கமும் மழைக்காலத்து வலியும் உள்ள தோளோடு உழைத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் ஏராளம்.

மாடு பிடிக்கலாமா?

வேண்டாம் தம்பி. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

கபடி, கால்பந்து ஆடுகிறவர்கள் லாட்டர்ஜேக்குப் பிறகு களத்துக்குத் திரும்புகிறார்கள், பலர் பழைய அளவுக்கே ஆடுகிறார்கள் என்று நீங்கள் படித்தது சரிதான். ஆனால் திமிலை அணைத்துப் பிடிக்கும்போது உங்கள் கை எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தோள் உயரத்துக்குத் தூக்கி, வெளியே திருப்பி, பிடியை விடாமல். அந்த நிலையில் ஒரு காளை துள்ளிச் சுற்றுகிறது. முன்பக்கமாகத் தோளை இறக்குவதற்கென்றே அமைந்த நிலை அது. கபடியில் எதிராளிக்கும் உங்கள் எடைதான் இருக்கும். அவன் பிடியைத் தளர்த்தவும் கூடும். காளை தளர்த்தாது. தோள் நழுவி ஒரு கணம் கை செயலற்றுப் போனால், தோளை விடுங்கள், கொம்புக்கு முன்னால் நீங்கள் ஒற்றைக் கையோடு நிற்பீர்கள். களத்துக்கு முன் நடக்கிற உடல் தகுதிப் பரிசோதனையில் தோள் பற்றிச் சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

தை மாதம் வந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஊரே அதிரும்போது வீட்டில் உட்கார்ந்திருப்பது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கம் முழுக்க இருக்கிறது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. காளை வளர்க்கலாம், பழக்கலாம், சின்னப் பையன்களுக்கு அணையச் சொல்லித் தரலாம். வாடிவாசலுக்குள் மட்டும் இறங்க வேண்டாம்.

கூலி வேலை வேறு கணக்கு. ஆறு மாதம் போனபின், எலும்பு ஒட்டிவிட்டது என்று ஸ்கேனில் பார்த்துக்கொண்டு, பாரம் தூக்குவதற்குப் படிப்படியாகத் திரும்பலாம். தூக்குகிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும். மூட்டையின் காதைப் பிடித்து முதுகில் ஏற்றும்போது உங்கள் வலது கை காதுக்குப் பின்னால் போகிறது. நழுவிய இரண்டு முறையும் அப்போதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கும்படி, பாரத்தை நெஞ்சுக்கு நெருக்கமாக வைத்துத் தூக்கப் பழகுங்கள். தள்ளுவண்டி வேலையோ எடைபோடுகிற வேலையோ கிடைக்குமா என்று இப்போதே மேஸ்திரியிடம் கேட்டு வையுங்கள்.

பணமும் நாளும்

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு நம் பெரியாஸ்பத்திரிக்கு, அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போங்கள். எலும்பு முறிவுப் பிரிவில் காட்டிவிட்டு, காப்பீட்டுத் திட்ட கவுண்டரில் இந்த அறுவை எந்தத் தொகுப்பில் வருகிறது என்று கேளுங்கள். இரண்டாவது கருத்தும் அங்கேயே கிடைத்துவிடும். எங்கே செய்தாலும் அறுவை செய்கிறவரிடம் நேராகக் கேளுங்கள்: லாட்டர்ஜே நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா? என் பந்தின் பள்ளம் இந்த எலும்பு வைத்தபின்னும் விளிம்பில் மாட்டுமா, அதற்குத் தனியாக ஏதும் செய்ய வேண்டுமா? பழைய ஆங்கரை என்ன செய்வீர்கள்? நல்ல மருத்துவர் இதற்கெல்லாம் கோபப்படமாட்டார்.

பீடி பிடிப்பதாக ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். வைத்த எலும்பு ஒட்டுவதைப் புகை கெடுக்கும். அறுவைக்கு ஒரு மாதம் முன்னாலிருந்தே நிறுத்துங்கள், மெல்லுகிற புகையிலையையும் சேர்த்து. வலிப்பு நோய் எப்போதாவது இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வலிப்பு கட்டுக்குள் வராமல் எந்தத் தோள் ஆபரேஷனும் நிற்காது.

கல்யாணத்துக்காக ஆபரேஷனை அவசரப்படுத்தவும் வேண்டாம், பயந்து ஒரு வருடம் ஒத்திப்போடவும் வேண்டாம். அறுவைக்குப் பின் மூன்று முதல் ஆறு வாரம் தூளிக்கட்டு இருக்கும். முகூர்த்தத்துக்கு மூன்று மாதமாவது இருந்தால் இப்போதே செய்துகொள்ளலாம். மாலை மாற்றுகிற அளவுக்குக் கை வந்துவிடும். அவ்வளவு நாள் இல்லையென்றால் கல்யாணம் முடிந்து செய்யுங்கள், ஆனால் அடுத்த தைக்குள் முடித்துவிடுங்கள். எப்போது செய்தாலும் ஆறு மாதமாவது மூட்டைக் கூலி இருக்காது. அந்தக் கணக்கு வீட்டுக்கு வரப்போகிற பெண்ணுக்கும் சேர்த்துத்தான். அதனால் அவரிடம் நீங்களே முதலில் பேசுங்கள், பிறகு பெரியவர்களிடம். இது பரம்பரை நோயும் இல்லை, மறைக்கிற குறையும் இல்லை, அடிபட்ட மூட்டு. பிறகு யார் வாயிலாகவோ தெரிந்துகொண்டால்தான் மனக்கசப்பு வரும்.

ஆபரேஷன் நாள் வரை வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகிற பாரம் எதுவும் வேண்டாம். பஸ்ஸில் இடது கையால் பிடியுங்கள். கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்காதீர்கள். இதற்கு நடுவில் தோள் முழுதாக இறங்கிவிட்டால் யாரையும் இழுக்கவிடாதீர்கள். ஏற்கெனவே தேய்ந்த எலும்பு, உடைந்துவிடும். ஒரு துண்டால் கையை மார்போடு கட்டிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். சாப்பிடாமல் வாருங்கள், மயக்க மருந்து தேவைப்படலாம். எக்ஸ்ரே எடுத்தபின்தான் உட்கார வைக்க வேண்டும். தோளின் வெளிப்புறம் மரத்திருந்தாலோ, விரல்கள் குளிர்ந்து வெளுத்திருந்தாலோ, உள்ளே நுழைந்ததும் அதை முதலில் சொல்லுங்கள்.